ஃபேன் மாட்ட வந்தவர்

நடந்தவை, வரிசைப்படி:

1. நெமிலிச்சேரியில் எங்கள் சிற்றாலயத்தின் உபதேசியார், ஆயராவதற்கு வேண்டிய குருப்பட்டத்துக்கான நேர்காணலில் முதல் முறை தோற்றார். காரணம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.
2. அடுத்த ஆண்டு மறுபடியும் தோற்றார். காரணம், பதில் சொன்னார்.
3. மூன்றாவது வாய்ப்பே கடைசி வாய்ப்பு, அதற்கு முன் தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் முன்னறிவிப்பு இல்லாமல் ஏதாவதொரு ஞாயிறு ஆராதனைக்கு வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது.
4. உபதேசியாரைத் தயார் செய்யும் வேலையைச் சபைக் கமிட்டி என்னிடம் ஒப்படைத்தது.
5. நாற்பத்திரண்டு கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் எழுதிக் கொடுத்தேன். அவர் பதினொன்றை மனப்பாடம் செய்தார்.
6. பார்வையிடுபவர் வந்திருந்த ஞாயிறன்று, பிரசங்கத்தின் நடுவில் உபதேசியார் தன் அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

உபதேசியார் என்பது எங்கள் சபைகளில் ஒரு வேலையின் பெயர். ஆயர் பல ஆலயங்களைக் கவனிப்பவர். மாதம் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுத்துவிட்டுப் போவார். மீதி எல்லாவற்றுக்கும் உபதேசியார்தான். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வது, காய்ச்சலில் கிடப்பவர் வீட்டுக்குப் போய் ஜெபிப்பது, புது வண்டிக்கு ஜெபிப்பது, பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பேனாவுக்கு ஜெபிப்பது, ஆலயத்தின் தண்ணீர் மோட்டார் நின்றுபோனால் ஜெபிக்காமல் அதைப் பிரித்துப் பார்ப்பது. எங்கள் உபதேசியார் கடைசி வேலையில் மிகவும் கெட்டிக்காரர். அடிப்படையில் அவர் எலக்ட்ரீஷியன்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. பாகத்தை அளந்து பார்த்து, சரியென்றால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டவேண்டும். வெளியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் நான்தான். கமிட்டி என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். "ஆடிட்டுல பாஸ் பண்ற பொண்ணு. இவர பாஸ் பண்ண வெக்காதா?" என்றார் கமிட்டிச் செயலாளர். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சபை முழுவதற்கும் கார்டு மாமா. ஒன்பது மணி ஆராதனைக்கு ஒன்பது அடிக்கும்போது மணியை அடித்துவிடுவார். உள்ளே ஒருவரும் இல்லாவிட்டாலும் சரி, கதவருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கையில் பச்சைக்கொடி இல்லாததுதான் குறை.

எங்கள் தொழிலில் முதலில் பழைய தோல்விகளின் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை உபதேசியாரை உட்காரவைத்து விசாரித்தேன்.

"முதல் தடவை என்ன கேட்டாங்க?"

"'உம்முடைய அழைப்பைக் குறித்துச் சொல்லும்'னாங்க பாப்பா."

"நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"மனசுல வந்துச்சு. ஆனா ஊட்டுப் பாஷைல வந்துச்சு. அத்த கோயில் பாஷைக்கு மாத்துறதுக்குள்ள அவங்க டீ குடிச்சி முடிச்சிட்டாங்க."

இதை நான் நம்பினேன். அவருடைய பிரசங்கமும் அப்படித்தான். முதல் பத்து நிமிடம் "பிரியமான சகோதர சகோதரிகளே" என்று மரப்பலகை போல நின்று பேசுவார். பிறகு கதை சூடு பிடித்ததும் பாஷை கழன்றுவிடும். "அப்ப அவரு படகாண்ட வந்தாரு. இவனுங்க இன்னாடான்னா, ராவெல்லாம் ஒரு மீனும் கெடைக்காம வலையக் கழுவிகினு கீறானுங்க" என்பார். தூங்கிக்கொண்டிருந்த பையன்கள் எழுந்து உட்காருவார்கள். நானும் அதற்குப் பிறகுதான் கேட்பேன்.

"சரி, இரண்டாவது தடவை?"

"அதான் மாத்தாமலே சொல்லிட்டேன். 'ஃபேன் மாட்ட வந்தேங்க'ன்னேன்."

குழுவினர் நன்றாகச் சிரித்திருக்கிறார்கள். முன்னுரையாக ஒரு நகைச்சுவை என்று நினைத்து மீதிக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். மீதி இல்லை. நடந்ததே அவ்வளவுதான்.

எங்கள் ஆலயத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதற்கும் ஏழு ஆண்டுகளுக்கு முன் நடுவில் ஒரு ஃபேன் மாட்டுவதற்காகப் பூந்தமல்லியிலிருந்து இவரை அழைத்திருந்தார்கள். சனிக்கிழமை வந்தவர், ஃபேனைத் தொங்கவிடும் குழாயின் நீளம் போதவில்லையென்று மறுநாள் காலை வேறு குழாயோடு வந்து ஏணியில் ஏறியிருக்கிறார். அன்று பார்த்துப் பழைய உபதேசியாருக்குக் காய்ச்சல். மணி ஒன்பது. கார்டு மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். "ஏம்பா, படிக்கத் தெரியுமா? எறங்கு" என்றார். அவர் இறங்கி, சட்டைப்பையில் டெஸ்டரோடு நின்று, அன்றைய வேதபாடத்தை வாசித்தார். பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் எங்கே 'ஆமென்' சொல்லவேண்டும் என்பது தெரிந்திருந்தது. அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். அதன் பிறகு தபால்வழியில் படித்தார், சின்னப் பரீட்சைகள் எழுதினார், உபதேசியார் ஆனார். ஃபேன் மட்டும் இன்றுவரை லேசாக ஆடுகிறது.

இந்தக் கதை எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவருக்கு அப்படி இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

"மத்தவங்களுக்கெல்லாம் சத்தம் கேட்டுகீது பாப்பா. கனவு வந்துகீது. எனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்குக் கேட்டது கார்டு மாமா கொரலு ஒண்ணுதான்" என்றார். பிறகு சொன்னார்: "ஒருவேள நானே தப்பா வந்துட்டனோ இன்னாவோ. வேற யாருக்கோ வெச்சிருந்த எடத்துல."

மூன்றாம் முறையும் தோற்றால் விதிப்படி ஊழியத்தை விட்டு விலகவேண்டும். பூந்தமல்லியில் அவருடைய மச்சான் இன்வர்ட்டர் கடை வைத்திருந்தார். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருந்தார். "மச்சான் கூட என்னைக் கூப்புடுறாரு. அது தெளிவா கேக்குது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கமிட்டி கூடியது. உபதேசியாருக்கு நல்லதொரு அழைப்பின் சாட்சி தேவை, இருக்கிற சாட்சி போதாது என்று ஏகமனதாக முடிவானது.

"ஒரு சின்ன ஆக்சிடென்ட் கூடவா ஆவல?" என்றார் கார்டு மாமா. ரயில்வேக்காரர் ஆக்சிடென்ட் கேட்பது எங்களுக்கே கொஞ்சம் அதிர்ச்சிதான்.

"ஒரு தபா சைக்கிள்லேந்து வுழுந்தேன் மாமா."

"அது போதும்! அப்ப ஒரு வெளிச்சம்..."

"சாணியில வுழுந்தாரு" என்றார் உபதேசியாரின் மனைவி. அவரை உபதேசியாரம்மா என்போம். வீட்டு வாசலில் தையல் மெஷின் போட்டுப் பாதிச் சபைக்கு ரவிக்கை தைப்பவர், மீதிச் சபையின் அளவும் அவருக்குத் தெரியும். "காலு கூட சுளுக்கல. லுங்கியத் தொவச்சது நானு. ஒரு வெளிச்சமும் வரல, நாத்தந்தான் வந்துச்சு."

பெண்கள் சங்கத் தலைவி கனவுப் பக்கம் முயன்று பார்த்தார். "ஒரு கனவாவது கண்டிருப்பீங்களே உபதேசியாரே. யோசிச்சுப் பாருங்க."

"இவரா? படுத்தா கட்டை. கனவு வந்தாலும் கதவத் தட்டிட்டு அதும்பாட்டுக்குப் போயிரும்" என்றார் உபதேசியாரம்மா.

கடைசியில், பட்டியலின் முதல் கேள்வியான அழைப்புக்கு விடை எழுதும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. நான் அதற்குத் தகுதியானவள் அல்ல. அழைப்பு என்ற விஷயத்தில் என் சொந்தக் கணக்கே சரியில்லை. எங்கள் வாலிபர் கூட்டங்களில் ஒவ்வொருவரும் தன் அழைப்பைக் கண்டுபிடிக்கவேண்டும் என்பார்கள். நானும் முறையாகத் தேடினேன். பாடகர் குழுவில் சேர்ந்தேன்; வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றார்கள். ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பெடுத்தேன். பிள்ளைகள் வரைந்த பேழை, வேதத்தில் சொன்ன அளவுக்கு வருகிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்ததற்காக ஒரு தாய் சண்டைக்கு வந்தார். நோயாளிகளைச் சந்திக்கப் போனேன்; ஆறுதல் சொல்லவேண்டிய இடத்தில், மாத்திரைகளை எந்த வரிசையில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு ஒரு முதியவரைக் குழப்பிவிட்டேன். மூன்று முயற்சி, மூன்று சிவப்புச் சீட்டு. வேலை செய்யும் இடத்தில் என் கிறிஸ்தவ அடையாளத்தைப் பற்றிய பெரிய கேள்வி, ஆயுத பூஜைப் பொரியை வாங்கலாமா கூடாதா என்பதாகவே இருந்தது. அதை ஒருமுறை உபதேசியாரிடம் கேட்டேன். "நமுத்துப் போவாத பொரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப இன்னா" என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கழற்றப் போய்விட்டார்.

எனவே நான் எழுதிய விடை, எனக்கு அனுபவமில்லாத ஒன்றைப் பற்றி இன்னொருவருக்காக எழுதியது. 'ஒரு மாலைவேளையில், தனிமையில் இருந்தபோது, மெல்லிய குரல் ஒன்று என்னை அழைத்தது' என்று தொடங்கியது. காலை ஒன்பது மணி மாலையாயிற்று. நாற்பது பேர் இருந்த ஆலயம் தனிமையாயிற்று. கார்டு மாமாவின் குரல் மெல்லியதாயிற்று. உபதேசியார் அதை வாசித்தார். "அழகா கீது பாப்பா. யாரோட கதை?" என்றார்.

கடிதம் வந்த பிறகு இரண்டு ஞாயிறுகள் யாரும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு, மணியடிப்பதற்கு முன்பே, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் தடித்த ஃபைலோடு வாசலில் நின்றார். கார்டு மாமாவுக்கு அது போதும். அவரை அப்படியே அள்ளிக்கொண்டுவந்து, முன்னால் ஆயர் உட்காரும் நாற்காலியில் அமர்த்தினார். பெண்கள் சங்கத் தலைவி இளநீரோடு ஓடினார்.

"இல்லங்க, நான் வந்து..." என்றார் வந்தவர்.

"தெரியும் ஐயா, எல்லாம் தெரியும். நீங்க யாருன்னு சொல்லக்கூடாது, அதான ரூலு? நாங்க கேக்கவே மாட்டோம்" என்றார் கார்டு மாமா.

"அதில்லங்க, யாராவது ஒருத்தர்..."

"ஆராதனை முடியட்டும் ஐயா. டைமாவுது."

அதே நேரத்தில் பருத்திச் சேலையும் துணிப்பையுமாக இன்னொரு அம்மாளும் புதிதாக வந்திருந்தார். முன்வரிசையை ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொல்லி, பெண்கள் சங்கத் தலைவி அவரைப் பின்னால் அனுப்பினார்; அனுப்பும்போது தன் பேரனையும் அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

பாட்டு, ஜெபம், வேதபாடம் எல்லாம் நேரப்படி நடந்தன. உபதேசியார் அங்கியோடு நின்று, நான் திருத்திக் கொடுத்த பிரசங்கத்தைக் கோயில் பாஷையில் பிழையில்லாமல் சொல்லிக்கொண்டு போனார். ஒரு வரியும் கழலவில்லை. பையன்கள் தூங்கினார்கள். முன்வரிசை ஓரத்தில் நான் கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பிரசங்கத்தின் முதல் குறிப்பிலிருந்து இரண்டாவதற்குப் போகும் இடத்தில் அவர் நின்றார். மறந்துவிட்டார் என்று நினைத்து வாயசைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளநீர் குடிக்கப்படாமல் இருந்தது. அந்த மனிதர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே? இன்னா ஆச்சு?" என்றார் உபதேசியார், பிரசங்க பீடத்திலிருந்தே.

அவர் எழுந்துவிட்டார். "என் சம்சாரத்த ஆவடி ஆஸ்பத்திரில வெச்சிருக்கேங்க. பத்தரைக்கு ஆபரேசனுக்கு உள்ள கூட்டிகினு போறாங்க. நாங்க முருகனக் கும்புடுறவங்க. ஆனா இந்தப் பக்கம் போவச்சொல்ல உங்க பாட்டக் கேட்டு நிப்பா. யாராவது வந்து ஒரு வார்த்த ஜெபம் பண்ணா பயம் போவும்னா. அதக் கேக்கத்தான் வந்தேன். என்னைக் கொண்டாந்து இங்க குந்த வெச்சிட்டாங்க."

ஃபைலில் இருந்தவை ஸ்கேன் படங்கள். மணி பத்து.

உபதேசியார் அங்கியைத் தலைவழியாகக் கழற்றினார். அருகில் இருந்தவள் நான். என் கையில் கொடுத்தார். "பாத்துக்கோ பாப்பா" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதரையும் கூட்டிக்கொண்டு போனார்; வெளியே மொபெட் இரண்டு முறை இருமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் கார்டு மாமாவைப் பார்த்தேன். அவர் கதவருகே நின்று, பணியில் இருந்த காலத்தில் செய்ததைப் போல, கையை உயர்த்தி முன்னோக்கி வீசினார். வண்டி நடுவழியில் நிற்கக்கூடாது என்று அர்த்தம்.

எழுந்து நின்றேன். முதலில் ஒரு பாட்டுச் சொன்னேன்; பாடினார்கள். பாட்டு தீர்ந்துபோயிற்று. என்னிடம் இருந்தது நாற்பத்திரண்டு கேள்விகள்தான். "இது நாங்க உபதேசியாருக்காகத் தயார் பண்ணினது" என்று சொல்லி முதல் கேள்வியை வாசித்தேன். விடையின் முதல் வரியையும் வாசித்தேன். 'மெல்லிய குரல் ஒன்று' என்ற இடத்தில், வரியில் ஓடிய என் விரல் நின்றுவிட்டது. மூன்று ஆண்டுகளாகச் சிவப்புச் சீட்டு ஒட்டிய கை அது. அளவு தப்பிய பாகம் தெரிந்துவிட்டது.

"இது தப்பு. நான்தான் எழுதினேன். ரிஜெக்ட்" என்றேன். பிறகு ஃபேன் கதையை, நடந்தபடி, மணி உட்பட, சொன்னேன்.

கார்டு மாமா கதவருகிலிருந்து பேசினார். "நாந்தான் கூப்ட்டேன். சாமியெல்லாம் சொல்லல. டைமாவுதேன்னு கூப்ட்டேன்." பிறகு, "எறங்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? எறங்குனான்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உபதேசியாரம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஏழு வருசமா அந்த மனுசன் சோத்துல கைய வெக்கச்சொல்ல எவனாச்சும் வாசல்ல வந்து நிப்பான். மோட்டாரு ஓடலம்பான், அம்மா பேசலம்பான். ஒரு தபா கூட, சாப்ட்டு வரேன்னு சொன்னதில்ல. நானும் திட்டித் திட்டிப் பாத்துட்டேன். இவரப் போய், நீ சரியாத்தான் வந்தியான்னு கேக்குறாங்க."

அதற்கு மேல் பிரசங்கம் தேவைப்படவில்லை. முடிவு ஜெபத்தை நானே செய்தேன். பழக்கதோஷத்தில் 'முதலாவதாக, இரண்டாவதாக' என்று ஜெபித்தேன். ஒவ்வொன்றுக்கும் சபை 'ஆமென்' சொல்லி டிக் போட்டது. நான்காவதாக, ஆவடியில் பெயர் தெரியாத ஒரு அம்மாளுக்காக.

எல்லோரும் எழுந்தபோது, பின்வரிசை அம்மாள் பேரனைத் தலைவியிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். தான் குருப்பட்டம் பெற்ற ஓர் ஆயர், தேர்வுக் குழுவிலிருந்து வந்திருப்பவர் என்று சொன்னார். பெண் ஒருவர் வரக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும், பெண்ணான எனக்கும்கூட, தோன்றியிருக்கவில்லை. தலைவி பேச வாய் திறந்தார், "பையன் ரொம்பப் படுத்திட்டானா?" என்பது மட்டும் வந்தது.

"இல்ல, நனைச்சதோட சரி" என்றார் அவர். பிறகு என்னிடம், "உபதேசியார் எப்ப வருவார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "காத்திருக்கேன்" என்று சொல்லி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார்.

ஒன்றரை மணிக்கு உபதேசியார் வந்தார். யாரென்று தெரியாமலே அந்த அம்மாளைப் பார்த்து, "ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிச்சும்மா. நீங்க சாப்ட்டீங்களா?" என்றார். கார்டு மாமா காதில் ஏதோ சொன்ன பிறகு முகம் வெளுத்தது. அந்த அம்மாள் எங்கள் பட்டியலின் முதல் கேள்வியைத்தான் கேட்டார்: அழைப்பைப் பற்றி. உபதேசியாருக்கு நான் எழுதிய விடை மனப்பாடம். உதடு அசைந்ததைப் பார்த்தேன். பிறகு பெருமூச்சு விட்டார்.

"ஃபேன் மாட்ட வந்தேங்க" என்றார்.

அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார். "சரியா மாட்டலையே. ஆடுதே?"

"அதாங்க இன்னும் போவல."

அவர் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார்.

அடுத்த மாத நேர்காணலில் உபதேசியார் தேர்வாகிவிட்டார். ஆலயத்தில் பிரியாணி போட்டோம். பிரியாணி செரிப்பதற்குள் இன்னொரு கடிதம் வந்தது: குருப்பட்டம் பெறுபவர் வேறு சபைக்கு மாற்றப்படுவார். இது புது விதி அல்ல. எல்லா ஆயர்களும் இப்படித்தான் வந்தார்கள், போனார்கள். எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரைத் தேறவைக்க மூன்று ஆண்டுகள் பாடுபட்ட எங்களில் ஒருவருக்கும், தோல்விக்கான வழிகளையெல்லாம் பட்டியலிட்ட எனக்கும், வென்றால் அவர் போய்விடுவார் என்பது தோன்றவே இல்லை. "தப்பா பாஸ் போட்டுட்டீங்கன்னு ஒரு மனு எழுதலாமா?" என்று கார்டு மாமா என்னிடம் கேட்டார். விளையாட்டுக்கு அல்ல. நான் வரைவுகூட எழுதினேன். உபதேசியாரம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, ரவிக்கை வெட்டும் கத்தரியால் நான்காக வெட்டிக் கொடுத்தார்.

அந்த ஞாயிறைப் பற்றிப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். குரல் எங்கிருந்து வந்தது என்று நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்; அவரோ ஒவ்வொரு முறையும் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஏதோ ஒன்று குறைகிறது, அது ஒருநாள் தனியாக வந்து சேரும் என்று காத்திருந்தேன். இப்போது அப்படிக் காத்திருப்பதில்லை. பட்டியல் போடும் புத்தியோடும், பாட வராத தொண்டையோடும், தப்பைத் தப்பென்று சொல்லிவிடும் கையோடும்தான் அன்று என்னிடம் 'பாத்துக்கோ' என்றார்கள். வேறு யாராகவும் மாறிவிட்டு வரச் சொல்லவில்லை.

இன்றைய நிலவரம்: அவர் நசரத்பேட்டைக்கு அப்பால் ஒரு சபையில் ஆயராக இருக்கிறார். அங்கேயும் மோட்டார் பழுது என்று கேள்வி. எங்கள் ஆலயத்துக்குப் பதினான்கு மாதங்களாக உபதேசியார் இல்லை. நான்கு பேர் முறைவைத்து ஆராதனை நடத்துகிறோம். மூன்றாம் ஞாயிறு என்னுடையது. ஜெபத்தில் எண் போடுவதைக் குறைக்கச் சொல்லிக் கமிட்டி ஒருமுறை கேட்டுக்கொண்டது. இன்று வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள் என் முறை. பிரசங்கத்துக்கு மூன்று குறிப்புகள் எழுதியிருக்கிறேன். இரண்டாவது இன்னும் சரியாக வரவில்லை.